ஒரு கேப்டனின் மானமும் ஒட்டுப்போட்ட கடிதமும்

டிரேஃபஸ் வழக்கு என்றதும் அவருக்காக நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதமும், பிரான்சை இரண்டாகப் பிளந்த யூத வெறுப்பும்தான் பேச்சில் முதலில் வரும். வர வேண்டியவைதான். ஆனால் அந்த வழக்கின் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரியான கேப்டன் ஆல்ஃபிரட் டிரேஃபஸைத் துரோகி என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1894 டிசம்பரில். அவர் துரோகிதான் என்பதற்குச் சான்றாகப் பின்னாளில் போர் அமைச்சரே நாடாளுமன்றத்தில் வாசித்துக் காட்டிய கடிதம் தயாரானது 1896 இலையுதிர் காலத்தில். தண்டனை முன்னால் வந்துவிட்டது, சான்று பின்னால் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் என்னை இந்த வழக்குக்குள் இழுத்தது.

குப்பைக்கூடையிலிருந்து வந்த தாள்

பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தில் மரி பாஸ்தியன் என்ற பெண் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். கூடவே பிரெஞ்சு ராணுவத்தின் உளவுப் பிரிவுக்கும் வேலை செய்தார். ஜெர்மன் ராணுவப் பிரதிநிதி ஷ்வார்ட்ஸ்கோப்பன் கிழித்துப் போட்ட காகிதங்களை அள்ளி, பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுப்பார். பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்பவர் மேஜர் ஆன்ரி. அவர் துண்டுகளைப் பிரித்து, பொருத்தி, ஒட்டுத்தாள் போட்டுச் சேர்ப்பார். 'புள்ளியியல் பிரிவு' என்று சாதுவான பெயர் வைத்திருந்த அந்த அலுவலகத்தில் இது வழக்கமான வேலை. அங்கே ஒரு ஆவணம் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் அங்கே வருவதெல்லாம் கிழிந்து ஒட்டப்பட்டதுதான். முழு வழக்கும் இந்தச் சின்ன விவரத்தின் மேல்தான் நிற்கிறது என்பேன்.

1894 செப்டம்பர் கடைசியில் இந்த வழியாக ஒரு தாள் வந்தது. கையொப்பம் இல்லை, தேதி இல்லை. ஜெர்மானியருக்கு யாரோ அனுப்பிய ராணுவத் தகவல்களின் பட்டியல்: 120 மில்லிமீட்டர் பீரங்கியின் ஹைட்ராலிக் பிரேக் பற்றிய குறிப்பு உட்பட ஐந்து இனங்கள். கடைசி வரியில், தான் களப்பயிற்சிக்குக் கிளம்பப்போவதாக எழுதியவர் சொல்லியிருந்தார். பீரங்கி பற்றிப் பேசுவதால் பீரங்கிப் படை அதிகாரி, பல துறைத் தகவல் இருப்பதால் தலைமையகத்தில் பயிற்சியில் இருக்கும் ஒருவர் என்று கணக்குப் போட்டார்கள். பெயர்ப் பட்டியலை எடுத்தார்கள். அதில், அப்போது ஜெர்மனி வசம் இருந்த அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த, 35 வயது யூத அதிகாரி டிரேஃபஸ் இருந்தார். கையெழுத்தும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒத்துப்போவதுபோல இருந்தது. அதற்கு மேல் தேடவில்லை.

அக்டோபர் 15 காலை டிரேஃபஸை அழைத்தார்கள். மேஜர் தியு பாத்தி த கிளாம், தன் கையில் காயம் என்று சொல்லி, ஒரு கடிதத்தை எழுதித் தரச் சொன்னார். பட்டியலில் இருந்த சொற்களையே கலந்து வாசிக்க, டிரேஃபஸ் எழுதினார். நடுவில், "ஏன் நடுங்குகிறீர்கள்?" என்று கேட்டார் மேஜர். விரல்கள் சில்லிட்டிருக்கின்றன என்றார் டிரேஃபஸ். சிறிது நேரத்தில் கைது. தானே சுட்டுக்கொள்ளட்டும் என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ரிவால்வரையும் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை.

கையெழுத்து நிபுணர்கள் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்ஸ் வங்கியின் நிபுணர் கோபேர், இது வேறொருவர் எழுதியதாக இருக்கலாம் என்றார். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்து அடையாளம் காணும் முறையால் புகழ்பெற்றிருந்த பெர்த்தியோனுக்குக் கையெழுத்தில் தேர்ச்சி கிடையாது. அவர் சொன்னது, டிரேஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலியாக எழுதியிருக்கிறார் என்று. எழுத்து ஒத்துப்போனால் அவர் எழுதியது, ஒத்துப்போகாவிட்டால் அவர் மாற்றி எழுதியது. இப்படி ஒரு வாதத்தின் முன் எந்த நிரபராதிதான் தப்ப முடியும்?

மூடிய கதவுக்குள்

விசாரணை டிசம்பர் 19 முதல் 22 வரை, பூட்டிய அறையில் நடந்தது. சான்று பலவீனம் என்பது அதை நடத்தியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் இரண்டு காரியம் செய்தார்கள்.

ஒன்று, ஆன்ரி கூண்டேறினார். தலைமையகத்தில் ஒரு துரோகி இருப்பதாக ஒரு கண்ணியமான மனிதர் தன்னிடம் சொன்னார் என்று சாட்சி சொல்லி, டிரேஃபஸைக் கைகாட்டி, துரோகி இவர்தான் என்றார். அந்தக் கண்ணியமான மனிதர் யார் என்று கேட்டதற்கு, ஒரு அதிகாரியின் தலையில் இருக்கும் சில ரகசியங்கள் அவர் தொப்பிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று பதில் சொன்னார். அதையும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவரின் மானத்தைப் பறிப்பதற்கு இன்னொருவரின் மான வாக்கு சான்றாகப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது இன்னும் மோசம். நீதிபதிகள் ஏழு பேரும் கலந்தாலோசிக்க உள்ளே போனபோது, போர் அமைச்சர் ஜெனரல் மெர்சியேவின் உத்தரவின்படி முத்திரையிட்ட ஒரு கோப்பு அவர்களிடம் போனது. குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவர் வழக்கறிஞர் தெமாஞ்சுக்கோ அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. அதில் இருந்த முக்கியக் கடிதத்தில் 'அந்த அயோக்கியன் டி.' என்று ஒருவரைப் பற்றிக் குறிப்பு இருந்தது. டி என்று தொடங்கும் பெயர்கள் பிரான்சில் ஆயிரம் இருக்கும். எதிர்த் தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கடிதம் அங்கேயே விழுந்திருக்கும். கேட்க ஆளே இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இத்தாலிய ராணுவப் பிரதிநிதி பனிட்சார்டி ரோமுக்கு அனுப்பிய சங்கேதத் தந்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சரியாகப் பிரித்துப் படித்தபோது, கேப்டன் டிரேஃபஸோடு உங்களுக்குத் தொடர்பு இல்லையென்றால் தூதர் மூலம் மறுப்பு வெளியிடுவது நல்லது என்ற பொருள் வந்தது. டிரேஃபஸுக்குச் சாதகமான தந்தி. அதையே அவருக்கு எதிரானதாகத் திரித்த வாசகம் தங்களுக்குக் காட்டப்பட்டது என்று 1894 நீதிபதிகளில் ஒருவரான ஃபிரைஸ்டெட்டர் 1899-இல் சாட்சி சொன்னார்.

தீர்ப்பு ஒருமனதாக வந்தது: பதவி பறிப்பு, ஆயுள் நாடுகடத்தல். 1895 ஜனவரி 5 அன்று ராணுவக் கல்லூரி முற்றத்தில், அணிவகுத்து நின்ற படையினர் முன்னால், சீருடையிலிருந்த பட்டைகளையும் பொத்தான்களையும் பிய்த்தெடுத்து, வாளை முழங்காலில் வைத்து ஒடித்தார்கள். நான் நிரபராதி என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். வேலிக்கு வெளியே கூட்டம் யூதனைக் கொல் என்று கத்தியது. அப்புறம் தென் அமெரிக்கக் கடலோரத்தில் பிரெஞ்சு கயானாவை ஒட்டிய பிசாசுத் தீவு.

உண்மையான கை

1895 ஜூலையில் உளவுப் பிரிவுக்குப் புதுத் தலைவராக வந்தவர் பிக்கார். அவருக்கும் யூதர்களைப் பிடிக்காது, டிரேஃபஸ் குற்றவாளி என்றுதான் அவரும் நம்பினார். 1896 மார்ச்சில் அதே குப்பைக்கூடை வழியாக, கிழிந்த ஒரு நீலத் தந்தி அட்டை வந்தது. ஜெர்மன் தூதரகத்திலிருந்து மேஜர் எஸ்தராசி என்ற பிரெஞ்சு அதிகாரிக்கு எழுதி, அனுப்பாமல் கிழித்துப் போட்டது. ஆகஸ்டில் எஸ்தராசியின் கடிதங்கள் பிக்காரின் மேசைக்கு வந்தன. பட்டியல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கை.

எழுதியவர் பெயரை மறைத்து பெர்த்தியோனிடம் காட்டினார். இது பட்டியலின் எழுத்துதான் என்றார் பெர்த்தியோன். இது சமீபத்தில் எழுதியது என்று சொன்னதும், அப்படியானால் அந்த எழுத்தைப் போலவே எழுத யூதர்கள் யாரையோ ஒரு வருடமாகப் பழக்கியிருக்கிறார்கள் என்றார்! பிக்கார் அந்த ரகசியக் கோப்பைத் திறந்தார். டிரேஃபஸுக்கு எதிராக அதில் ஒன்றுமே இல்லை.

துணைத் தளபதி ஜெனரல் கோன்ஸிடம் போனார். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார் கோன்ஸ். இந்த ரகசியத்தோடு நான் கல்லறைக்குப் போக மாட்டேன் என்றார் பிக்கார். இந்த உரையாடல் பிக்காரே பிற்பாடு சாட்சியமாகச் சொன்னது. இந்த இடத்தில்தான் வழக்கின் குணமே மாறுகிறது. அதுவரை தவறு என்று சொல்ல இடமிருந்தது. 1896 செப்டம்பருக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது, மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது.

கடிதம் செய்த விதம்

அந்த இலையுதிர் காலத்தில் நெருக்கடி கூடியது. ரகசியக் கோப்பு இருந்த விஷயத்தைச் செப்டம்பரில் ஒரு பத்திரிகை போட்டு உடைத்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தது. பிக்கார் விடுவதாக இல்லை. மேலதிகாரிகளுக்கு டிரேஃபஸ் பெயர் முழுசாக உள்ள ஒரு தாள் வேண்டியிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஆன்ரி அதைக் கொண்டுவந்து கோன்ஸ் கையில் கொடுத்தார்.

அவர் செய்தது இதுதான். பனிட்சார்டி ஷ்வார்ட்ஸ்கோப்பனுக்குக் கட்டம் போட்ட தாளில் எழுதிய உண்மையான கடிதம் ஒன்று கையில் இருந்தது. தலைப்பில் இருந்த 'அன்பு நண்பரே' என்ற விளியும் அடியில் இருந்த கையொப்பமும் நிஜம். நடுவில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அதேபோலக் கட்டம் போட்ட வேறு தாளில் புது வாசகத்தை எழுதவைத்து ஒட்டினார். டிரேஃபஸ் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி வரப்போகிறதாம், கேட்டால் அந்த யூதனோடு எனக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்று சொல்லிவிடுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஒப்பிட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரட்டும் என்று பனிட்சார்டியின் இன்னொரு கடிதத்தையும் கூடவே வைத்து, அது 1894-இல் வந்தது என்று தேதியும் போட்டார்.

பிரெஞ்சு படுமோசம், வாசகமோ ராணுவத் தலைமைக்கு அன்றைக்கு எது தேவையோ அதை அப்படியே ஒப்பித்தது. இரண்டு வெளிநாட்டு ராணுவப் பிரதிநிதிகள் பாரிஸிலேயே இருந்துகொண்டு இதை ஏன் கடிதத்தில் எழுத வேண்டும், நேரில் பேசினால் போதாதா என்று யாரும் கேட்கவில்லை. தாள்களை வாங்குபவரும் ஒட்டுபவரும் மேலே கொண்டுபோய்க் கொடுப்பவரும் ஒரே ஆள். நடுவில் இன்னொரு கண் இல்லை. வேண்டிய தாள் வேண்டிய வாரத்தில் வந்து சேர்கிறதே என்ற சந்தேகம் கோன்ஸுக்கோ தளபதி புவாதெஃப்ருக்கோ வந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். பிக்காருக்கு அதைக் காட்டவே இல்லை. அவரைப் பாரிஸை விட்டே அனுப்பினார்கள், கடைசியில் துனிசியாவுக்கு.

பிக்காருக்கு நடந்த இன்னொரு அநியாயமும் உண்டு. நீலத் தந்தி அட்டையை அவரே போலியாகச் செய்தார் என்று குற்றம் சாட்டினார்கள். முகவரியில் எஸ்தராசி பெயர் சுரண்டித் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஆனால் பிக்கார் தலைவராக இருந்தபோது எடுத்து வைத்திருந்த புகைப்படங்களில் சுரண்டலே இல்லை. உண்மையான ஆவணத்தைப் போலிபோலக் காட்ட, இருந்த பெயரையே சுரண்டிவிட்டு அதே பெயரைத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்! இந்த வழக்கிலேயே என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான்.

விளக்கொளியில்

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை, வேகமாகக் கடக்கலாம். 1897 நவம்பரில் டிரேஃபஸின் அண்ணன் மத்தியூ எஸ்தராசியின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். 1898 ஜனவரி 11 அன்று ராணுவ நீதிமன்றம் எஸ்தராசியைச் சில நிமிடங்களில் விடுவித்தது. 13-ஆம் தேதி ஸோலாவின் கடிதம் வெளியானது. பிப்ரவரியில் ஸோலா மீதான விசாரணையில் ஜெனரல் பெலியே, முழுச் சான்று எங்களிடம் இருக்கிறது என்று வாய்விட்டார். மறுநாள் புவாதெஃப்ர் நீதிமன்றத்துக்கே வந்து, ராணுவத்தின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் பதவி விலகுவோம் என்று ஜூரிகளை மிரட்டாத குறையாகப் பேசினார். ஸோலாவுக்கு ஒரு வருடச் சிறை, 3,000 ஃபிராங்க் அபராதம்.

ஜூலை 7 அன்று புதிய போர் அமைச்சர் கவேன்யாக், ஆன்ரி ஒட்டிச் செய்த அந்தக் கடிதத்தை நாடாளுமன்றத்தில் வாசித்தார். கைதட்டல் பறந்தது. பேச்சை அச்சிட்டு நாட்டின் எல்லா ஊர்களிலும் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அது போலி என்று நிரூபிக்கத் தயார் என்று பிக்கார் பிரதமருக்குப் பகிரங்கமாக எழுதினார். பதிலாகக் கிடைத்தது கைது.

கவேன்யாக் பிடிவாதக்காரர், ஆனால் சான்றை மறைக்கிற ஆள் இல்லை. முழுக் கோப்பையும் சரிபார்க்கும் வேலையைக் கேப்டன் குய்ன்யேவிடம் கொடுத்தார். குய்ன்யேவும் டிரேஃபஸ் குற்றவாளி என்று நம்பியவர்தான். ஆகஸ்ட் 13 இரவு, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கடிதத்தையும் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த கடிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் கட்டம் போட்ட தாள். ஆனால் ஒன்றின் கோடுகள் நீலம் கலந்த சாம்பல், மற்றதன் கோடுகள் மங்கிய ஒயின் சிவப்பு. பகலில் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த வித்தியாசம் விளக்கொளியில் தெரிந்தது. இன்னும் உற்றுப் பார்த்தால், ஒரு கடிதத்தின் தலைப்பும் கையொப்பமும் இருந்த துண்டுகளின் கோடுகள் அடுத்த கடிதத்தின் நிறத்தில் இருந்தன. அதன் துண்டுகள் இதில், இதன் துண்டுகள் அதில். ஆன்ரி ஒட்டும்போது இடம் மாறிவிட்டிருக்கிறது. இரண்டு வருட இடைவெளியில் வந்ததாகச் சொன்ன இரண்டு கடிதங்கள் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பிரித்து ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கமே கிடையாது.

ஆன்ரி விடுப்பில் இருந்தார். ஆகஸ்ட் 30 அன்று கவேன்யாக், தளபதிகளை வைத்துக்கொண்டு அவரை விசாரித்தார். முதலில் மறுத்தார். அப்புறம் சில வாக்கியங்களை மட்டும் சரிப்படுத்தியதாகச் சொன்னார். மேலதிகாரிகள் கவலையில் இருந்தார்கள், அவர்களை ஆறுதல்படுத்த நினைத்தேன் என்றார். கடைசியில், முக்கியமில்லாத ஒரு கடிதம் உங்களுக்கு வந்தது, அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செய்தீர்கள், அப்படித்தானே என்று கவேன்யாக் கேட்டதற்கு ஆம் என்றார். மோன் வலேரியன் கோட்டையில் அடைத்தார்கள். மறுநாள் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்து கிடந்தார்.

புவாதெஃப்ர் பதவி விலகினார். எஸ்தராசி நாட்டை விட்டு ஓடி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கவேன்யாக்கும் விலகினார், ஆனால் டிரேஃபஸ் குற்றவாளி என்ற நம்பிக்கை அப்போதும் அவருக்கு மாறவில்லை. போலி பிடிபட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆன்ரி செய்தது தேசபக்தி என்று வலதுசாரி எழுத்தாளர் ஷார்ல் மொராஸ் பத்திரிகையில் எழுதினார். ஆன்ரியின் மனைவிக்காக யூத எதிர்ப்புப் பத்திரிகை ஒன்று நிதி திரட்டியபோது 1,30,000 ஃபிராங்குக்கு மேல் குவிந்தது. கள்ளத்தனம் என்று தெரிந்த பிறகு கொடுத்த பணம் அது.

எண்ணப்படாத வருடங்கள்

1899 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பை ரத்து செய்தது. ரென் நகரில் மறுவிசாரணை. தீவிலிருந்து வந்த டிரேஃபஸ் மெலிந்து, பேச்சே தடுமாறும் நிலையில் இருந்தார். ஏழு ராணுவ நீதிபதிகள் முன்னால் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் மெர்சியே உட்பட ஜெனரல்கள். செப்டம்பர் 9 அன்று 5-க்கு 2 என்ற கணக்கில் மறுபடியும் குற்றவாளி என்றார்கள், 'குற்றத்தின் கடுமையைத் தணிக்கும் சூழ்நிலைகளோடு', பத்து வருடச் சிறை. நாட்டைக் காட்டிக்கொடுத்த அதிகாரிக்கு என்ன தணிக்கும் சூழ்நிலை இருக்க முடியும்? அந்தத் தீர்ப்பே தன் பொய்யை ஒப்புக்கொள்கிறது.

பத்து நாளில் ஜனாதிபதி லூபே மன்னிப்பு வழங்கினார். டிரேஃபஸ் அதை ஏற்றதற்காக அவர் தரப்பிலேயே சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அவர்மேல் அந்த வருத்தம் இல்லை. நான்கு வருடத்துக்கு மேல் அந்தத் தீவில் கிடந்தவர், அதில் பல வாரங்கள் இரவு முழுவதும் கால்களைக் கட்டிலோடு விலங்கிட்டு வைத்தவர்கள் கையில் இருந்தவர், மறுபடியும் சிறைக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் எப்படிச் சொல்வது? மானம் இல்லாமல் இந்த விடுதலை எனக்கு ஒன்றுமே இல்லை என்று அன்றே அறிக்கை விட்டார், மறுவிசாரணைக்கும் தொடர்ந்து போராடினார்.

சோஷலிஸ்ட் தலைவர் ஜோரேஸ் 1903-இல் நாடாளுமன்றத்தில் விஷயத்தை மறுபடி எழுப்பினார். போர் அமைச்சர் ஆந்த்ரே உத்தரவில் கேப்டன் தார்ஜ் காப்பகத்தைத் துருவியபோது மேலும் போலிகள் வெளிவந்தன. ஒரு கடிதத்தில் 'பி' என்ற எழுத்தைச் சுரண்டி 'டி' ஆக்கியிருந்தார்கள். டிரேஃபஸ் தீவில் அடைபடப்போகும் வேளையில் எழுதப்பட்ட இன்னொரு கடிதத்தின் தேதியை, 1895-ஐ 1894 ஆக்கியிருந்தார்கள். 1906 ஜூலை 12 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரென் தீர்ப்பையும் ரத்து செய்து, மறுவிசாரணைக்கு இனி இடமே இல்லை என்று முடித்தது. போலிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. 1900-இல் கொண்டுவந்த பொதுமன்னிப்புச் சட்டம் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது. மெர்சியே செனட் உறுப்பினராகவே இருந்தார்.

தீர்ப்புக்கு மறுநாளே டிரேஃபஸை மேஜராக உயர்த்தி ராணுவத்தில் திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் பதவி மூப்பு அந்த நாளிலிருந்துதான் தொடங்கியது. பிக்காரை ஜெனரலாக்கிய சட்டம் அவருக்கு 1903 ஜூலையிலிருந்தே மூப்பு கொடுத்தது. டிரேஃபஸ் தீவில் கிடந்த வருடங்கள் கணக்கில் வரவில்லை. அப்படியே இருந்தால் தன்னைவிட இளையவர்களுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். மனு கொடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை, 1907-இல் ஓய்வு பெற்றார். முதல் உலகப் போரில் திரும்ப வந்து சேவை செய்துவிட்டு, 1935 ஜூலை 12 அன்று இறந்தார். அவரை பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தும் சட்டத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது.